வன்தட்டு கண்டறியப்பட்டது

நகரத்துப் பொது நூலகத்தின் மூன்றாவது மாடி முழுக்கக் கணினி நல மையம். அந்தக் கட்டடத்தில் ஏசி போட்ட தளம் அது ஒன்றுதான். கணினிகளுக்கு வெப்பம் ஆகாது என்பதால் இந்த ஏற்பாடாம். கணினிகள் எல்லாம் கீழ்த்தளத்தில் வெந்துகொண்டிருக்கின்றன என்று யாராவது சொன்னால், மையத்தில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மையத்தின் வாசலில் பெரிய பலகை ஒன்று உண்டு. "வன்தட்டு கண்டறிதலில் வெற்றி: நூற்றுக்கு நூறு." ஹார்ட் டிஸ்க் என்று ஊரே சொல்வதை மையம் வன்தட்டு என்றுதான் சொல்லும். அந்தப் பலகையைத் துடைக்கத் தனியாக ஓர் ஆள் இருக்கிறார். அந்த நூறு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளத்தின் கடைக்கோடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் ஒலிநூல் பகுதி இருந்தது. பார்வையற்றவர்கள் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு புத்தகம் கேட்டுவிட்டுப் போகும் இடம். அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஒலிநூல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறையில் இருந்தது ஒரே கணினி. அதிலிருந்த புத்தகங்களை எல்லாம் வாசித்துப் பதிவு செய்தது அவருடைய மனைவி. அந்தம்மா வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மைக் முன்னால் உட்கார்ந்து வாசிப்பார். அடுத்த அறையில் யாராவது தண்ணீர் ஊற்றினால் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்தில் தொடங்குவார். கதையில் வரும் கிழவனுக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல், கோபித்துக்கொண்டு போகும் மருமகளுக்கு ஒரு குரல். ஆனால் தன் பதிவைத் தான் மட்டும் கேட்கவே மாட்டார். "ஐயே, என் குரல நானே கேக்கறதா? கூச்சமா இருக்குங்க" என்று ஹெட்போனைத் தள்ளிவிடுவார். வீட்டில் யாராவது செல்போனில் வீடியோ எடுத்தால் வாயைப் பொத்திக்கொள்கிற ரகம்.

போன வருடம் அந்தம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் குரல்வளையை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு கணவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு முறை கை தட்டுவார். மற்றதையெல்லாம் உதட்டாலும் கையாலும் சொல்வார், அவருக்குப் புரிந்துவிடும். உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்த ஒருநாள், தன் கழுத்தைத் தொட்டு, காதைத் தொட்டு, ஒரு விரலைக் காட்டினார். என் குரலை நான் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

"இதுக்கா ஒரு தடவைன்னு கெஞ்சற? நடக்கற தெம்பு வரட்டும், கூட்டிட்டுப் போறேன். நாள் பூரா உக்காந்து கேளு" என்றார் ஒலிநூல்காரர். சொன்னவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

வீட்டுக்கே ஒரு நகல் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நூலகத்தின் எல்லாக் கணினிகளிலும் பென் டிரைவ் செருகும் துளைகளை மையம் பசை ஊற்றி அடைத்துவிட்டிருந்தது. தகவல் திருட்டைத் தடுக்கும் திட்டம். ஒவ்வொரு கணினியிலும் ஒரே ஒரு துளையை மட்டும் விட்டு, அதற்குச் சின்னப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். நகல் எடுக்க அனுமதி கேட்டதற்கு, "மூலம் பத்திரமாக இருக்கையில் நகல் எதற்கு?" என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

மனைவிக்குப் படியிறங்கி நடக்கிற தெம்பு வந்த வாரத்தில் கணினி எழுந்திருக்க மறுத்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ ஒரு வரி. ஒலிநூல்காரர் மேலே மையத்துக்குச் சொல்லி அனுப்பினார். மறுநிறுவல் பிரிவிலிருந்து ஒரு தொழில்நுட்பர் வந்தார். கழுத்துக் கயிற்றில் அடையாள அட்டையும் பூட்டுச் சாவியும் பென் டிரைவும் தொங்கின.

"ஓ.எஸ், அதான் கம்ப்யூட்டர ஓட்டற மென்பொருள், போயிடுச்சு சார். புதுசா போடணும்" என்றார், கணினியைத் தொடுவதற்கு முன்பே.

"உள்ள இருக்கற பதிவெல்லாம் என்ன ஆகும் தம்பி?"

"அது பாட்டுக்கு இருக்கும். ஓ.எஸ் ஒரு பக்கம், உங்க ஃபைல் ஒரு பக்கம். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்."

பூட்டைத் திறந்து பென் டிரைவைச் செருகினார். நீலத் திரை வந்தது. எந்த வன்தட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்டது. கீழே இருந்த கட்டம் காலி. 'வன்தட்டு எதுவும் கண்டறியப்படவில்லை.'

"சார், உங்க கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க்கே இல்லியே."

"என்ன தம்பி இது, நேத்து சாயந்தரம் வரைக்கும் ஓடுச்சே!"

"நேத்து இருந்திருக்கும்."

"இப்பவும் உள்ள சுத்தற சத்தம் வருது பாருங்க."

தொழில்நுட்பர் குனிந்து காதைக் கொடுத்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "வருது சார். ஆனா சத்தம் எங்க பிரிவுல வராது. கண்டறிதல் பிரிவுக்குப் போங்க. அவங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா நான் நிறுவிடுவேன்." போகும்போது கணினியின் நெற்றியில் 'வன்தட்டு அற்றது' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்.

ஒலிநூல்காரர் அந்தப் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். லிஃப்டில் பழுதான பொருட்களை ஏற்றக் கூடாதாம்.

கண்டறிதல் பிரிவின் மேற்பார்வையாளர் ஒரு மேடம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வன்தட்ட எடுத்தது யாரு?"

"யாரும் எடுக்கல மேடம். உள்ளதான் இருக்கு. பாருங்க." அவர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே டிஸ்க் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது வன்தட்டுன்னு நீங்க சொல்றீங்க. கம்ப்யூட்டர் சொல்லலியே."

"மேலேயே எழுதி ஒட்டியிருக்கு மேடம்."

"எழுதி ஒட்டினா ஆச்சா? என் மேஜை மேலகூட 'விரைவுச் சேவை'ன்னுதான் எழுதி ஒட்டியிருக்கு."

அதற்கு மேல் என்ன வாதாடுவது? "சரி, நீங்களே கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்" என்றார்.

"அதுக்குத்தானே இருக்கோம்! எங்ககிட்ட ஒரு மென்பொருள் இருக்கு. எங்க ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிரும். அத உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அவ்வளவுதான். ஏத்தறதுக்கு ஓ.எஸ் மட்டும் இருந்தாப் போதும்."

"டிஸ்க் தெரிஞ்சாத்தான் ஓ.எஸ் போட முடியும்னு அந்தத் தம்பி சொல்றாரே."

"அவங்க பிரிவு விதி அப்படி. நாங்க மத்தவங்க வேலையில மூக்க நுழைக்கறதில்ல."

ஒலிநூல்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிறகு மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். மறுநிறுவல் பிரிவும் கண்டறிதல் பிரிவும் ஒரே கூடத்தில், நடுவில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைத்து உட்கார்ந்திருந்தன. இவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் நின்றார். யாரும் கடிந்து பேசவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனால் மனைவி புருவத்தை உயர்த்துவார். "நாளைக்கு ஆயிடும்" என்பார் இவர். அந்தம்மா தலையாட்டிவிட்டுச் சாப்பாடு எடுத்து வைப்பார். சில நாட்களுக்குப் பிறகு புருவம் உயர்வதும் நின்றுபோனது. அது இவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் மையம் சும்மா இருக்கவில்லை. நூலகச் சொத்தான வன்தட்டு காணாமல் போனது பற்றி விசாரணைக் குழு போட்டது. கணினி பொறுப்பில் இருந்தவர் என்ற முறையில் ஒலிநூல்காரரையே கூப்பிட்டது. காணாமல் போன பொருள் மேஜை மேல், மூடி திறந்த பெட்டிக்குள் இருக்க, அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அது எங்கே போயிருக்கும் என்று பேசினார்கள்.

இவர் சாட்சிக்குத் தொலைபேசிக்காரரை அழைத்துப் போயிருந்தார். அவர் பார்வையற்றவர், தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒலிநூல் பகுதிக்கு நாள் தவறாமல் வருபவர். கணினி படுத்த பிறகும் வந்து, ஓடாத ஹெட்போன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். "தங்கச்சி அந்த மருமகப் பொண்ண ரயில்வே பிளாட்பாரத்துல உக்கார வெச்சுட்டுப் போயிடுச்சு. அது வண்டி ஏறுச்சா, வீட்டுக்குத் திரும்புச்சான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல" என்று, பாதி கேட்டதில் நின்றுபோன கதைக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். வாசித்த அந்தம்மாவை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

கணினியை ஆன் செய்ததும் தொலைபேசிக்காரர் பெட்டியின் மேல் காதை வைத்தார். "ஓடுதுங்க. இரைச்சல் இல்ல, தடங்கல் இல்ல. நல்ல ஆரோக்கியமான ஓட்டம்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டது குழு.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்களே."

"சாட்சி எதையும் பார்க்கவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள்.

"நீங்கள்லாம் பாக்கறீங்களே, உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுது. அதான் கண்டறியப்படலன்னு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம்."

அன்று மாலை, வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த தொழில்நுட்பர் ஒலிநூல்காரரைப் பார்த்ததும் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. இது ஒரு விஷயமே இல்ல. மதர்போர்டுல கடிகார பேட்டரி மாதிரி ஒண்ணு இருக்கும். அது தீந்துபோனா மெஷின் தன் செட்டிங்கெல்லாம் மறந்துடும். டிஸ்க்க எந்த முறையில பாக்கணும்ங்கறதும் அதுல ஒரு செட்டிங். அது மாறிப்போச்சு, அதான் டிஸ்க் தெரியல. பழையபடி மாத்தி வெச்சா, ஓ.எஸ்கூடப் போட வேண்டாம். எல்லாம் இருந்த மாதிரியே எழுந்து வந்துடும்."

ஒலிநூல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும் தம்பி?"

"முதல் நாளே தெரியும் சார். எங்க எல்லாருக்கும் தெரியும். மேடத்துக்கும் தெரியும்."

"அப்ப மாத்திட வேண்டியதுதானே!"

"என் வேலை மறுநிறுவல். மாத்தறது 'திருத்தம்'. திருத்தத்துக்கு இங்க பிரிவே கிடையாது சார். அந்த செட்டிங் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போட்டு இயக்குநர் வெச்சிருக்காரு."

மையத்தின் இயக்குநர் இவர் நினைத்த மாதிரி இல்லை. எழுந்து நின்று கை குலுக்கினார், முழுக் கதையையும் கேட்டார், நடுவில் இரண்டு இடத்தில் 'த்சொ' என்றார். "என்கிட்ட முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? நானே வந்து மாத்தித் தரேன். எல்லார் முன்னாலயும் வெச்சுப் பண்ணுவோம். தொலைஞ்ச வன்தட்டு திரும்பக் கிடைக்கறது சின்ன விஷயமா? கவலப்படாதீங்க, உங்க வன்தட்டு பத்திரமா உங்க கைக்கு வரும்."

அந்த வார்த்தையை இயக்குநர் காப்பாற்றினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நூலக அரங்கு வேறு நிகழ்ச்சி இல்லாமல் கிடைக்கும் நாள் வரை காத்திருந்து விழா வைத்தார்கள். 'வன்தட்டு மீட்புப் பெருவிழா'. அரங்கு நிறைந்துவிட்டது, மையத்தின் ஆட்களே அவ்வளவு பேர். நானும் ஒரு மூலையில் நின்றிருந்தேன். மேடையில் கணினிக்கு நாடா கட்டியிருந்தார்கள், அதன் திரை பின்னாலிருந்த சுவரில் பெரிதாகத் தெரிந்தது. மனைவியும் வருவதாகக் கை காட்டினார். "கூட்டத்துல உனக்கு மூச்சு முட்டும். நான் போய்க் கேட்டுப் பாத்துட்டு உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று இவர்தான் தடுத்துவிட்டு வந்தார். தொலைபேசிக்காரர் முதல் வரிசையில் இருந்தார்.

இயக்குநர் பேசினார். "நம்ம மையம் தொடங்கின நாள்லேருந்து ஒரு வன்தட்டையும் நாம கண்டுபிடிக்காம விட்டதில்ல. காரணம், கண்டுபிடிக்க முடியாதத எல்லாம் இல்லன்னு அறிவிச்சிட்டோம். இல்லாதத எப்படிக் கணக்குல சேக்கறது? அதனாலதான் நூத்துக்கு நூறு. ஆனா இன்னிக்கு ஒரு படி மேல போறோம். நாமளே இல்லன்னு சொன்ன ஒண்ண, நாமளே கண்டுபிடிக்கப் போறோம்!"

கைதட்டல் அடங்கியதும், தொழில்நுட்பர் புது பேட்டரியைப் பொருத்தினார். இயக்குநர் பாஸ்வேர்டு அடிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தொலைபேசிக்காரரும் மரியாதைக்கு மூடிக்கொண்டார். ஒரு செட்டிங் மாறியது. கணினி அணைந்து எழுந்தது, செருகியிருந்த பென் டிரைவிலிருந்து அதே நீலத் திரை வந்தது. இந்த முறை கட்டம் காலியாக இல்லை. வன்தட்டு, அதன் அளவு, அதற்குள் இரண்டு பகுதிகள், எல்லாம் இருந்தன.

ஒலிநூல்காரருக்குக் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் மேடை ஏறினார். "போதும் சார்! கோடி புண்ணியம்! அந்தப் பென் டிரைவ மட்டும் கழட்டிட்டு ஒரு தடவ ஆன் பண்ணச் சொல்லுங்க. பழசெல்லாம் தானா வந்துடும்."

"வந்துடும் சார்" என்றார் தொழில்நுட்பர், தரையைப் பார்த்துக்கொண்டு.

இயக்குநர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. அதனால் அவர் சொன்னதை எல்லோருமே கேட்டோம். "உத்தரவு மறுநிறுவலுக்குப் போட்டிருக்கு. நிறுவாம விட்டா, இந்தக் கம்ப்யூட்டர் கெட்டே போகலன்னு ஆயிடும். கெட்டே போகாத ஒண்ணுக்கு இத்தன நாள் ஒரு மாடி ஆளுங்க என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லியே?"

"சரிங்க, நிறுவுங்க. பதிவெல்லாம் இருக்கற அந்த ரெண்டாவது பகுதிய மட்டும் தொடாம..."

"அது எப்படி? இது காணாமப் போய்த் திரும்பி வந்த வன்தட்டு. எங்க போயிருந்துச்சு, எத ஏத்திக்கிட்டு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பாதுகாப்பு விதிப்படி முழுசாக் கழுவித்தான் எடுக்கணும்."

"அது எங்கயும் போகல சார்! பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க!"

"விசாரணைக் குழு போயிடுச்சுன்னு முடிவு பண்ணியிருக்கு. குழுவ நான் அவமதிக்க முடியாது."

ஒலிநூல்காரர் மவுசின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்குச் செய்யத் தெரிந்தது. "அதுல என் சம்சாரத்தோட குரல் இருக்கு சார். வேற எங்கயும் இல்ல. அவ ஒரே ஒரு தடவ கேக்கணும்னு சொல்லியிருக்கா" என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

இயக்குநர் கைக்குட்டையை எடுத்து உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? எவ்வளவு மதிப்புள்ள வன்தட்ட நம்ம மையம் மீட்டிருக்குன்னு இப்பவாவது புரியுதா?" என்று கூட்டத்தைப் பார்த்துத் தழுதழுத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தச் சத்தத்தில் இரண்டு காவலாளிகள் வந்து ஒலிநூல்காரரின் கையை நோகாமல் தூக்கி எடுத்தார்கள். இயக்குநரே தன் கையால் பொத்தானை அழுத்தினார்.

எந்த வேலையையும் பாதியில் விடுகிற வழக்கம் மையத்துக்கு உண்டு. இந்த ஒரு வேலையில் மட்டும் கிடையாது. முழுசாகத் தேய்த்துக் கழுவி, மேலே புதிதாக எழுதி, சுவரில் பச்சைக் கோடு முழுதாக நிறைகிற வரை கூட்டம் உட்கார்ந்திருந்தது. அழிந்த பதிவை மீட்டுக் கொடுப்பவர்கள் யாரிடமாவது கொடுத்துப் பார்க்கலாமா என்று ஒலிநூல்காரர் தொழில்நுட்பரிடம் கேட்டார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார்.

கடைசியில் ஓர் இசை ஒலித்தது. கணினிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம். நான் உங்களுக்கு உதவத் தயாராக இருக்கிறேன்." இயக்குநர் பூரித்துப்போனார். "கேளுங்க! இனிமே யாரும் தொண்டத் தண்ணி வத்த வாசிக்க வேண்டாம். இதுவே வாசிக்கும்!" தொலைபேசிக்காரரை மேடைக்குக் கைப்பிடித்து ஏற்றி ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். அவர் சிறிது நேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றி மேஜையைத் தடவிப் பார்த்து மெதுவாக வைத்தார்.

"இது வேற யாரோ" என்றார். "தங்கச்சி எங்க?"

வன்தட்டு பத்திரமாக ஒப்படைக்கப்பட்டதற்கு ஒலிநூல்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டுக் கொடுத்தார்.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்த மனைவி முகத்தைப் பார்த்தார். இவர் "இங்க பாரு..." என்று ஆரம்பித்து, தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் மேஜையில் வைத்த அவருடைய செல்போன் ஒலித்தது. மையத்திலிருந்து செய்தி.

'உங்கள் வன்தட்டு கண்டறியப்பட்டது. உங்கள் குறை தீர்ந்தது. மகிழ்ச்சி எனில் 1 அழுத்தவும்.' வேறு எண் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த மனைவி அதை எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். முகமெல்லாம் மலர்ந்து, அவர் தோளில் செல்லமாக ஒன்று வைத்தார். இதைச் சொல்லத்தானா இத்தனை தயக்கம் என்கிற மாதிரி. அவருக்காக ஒன்றை அழுத்திவிட்டு உள்ளே ஓடினார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சீப்பு கீழே விழுந்தது. செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

ஒலிநூல்காரர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தம்மா தலை வாரி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று இரண்டு முறை கை தட்டினார்.